எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு

உமாதேவியைப் பற்றி எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளிடம் அனுமதி கேட்டால் "உனக்கு வேற வேல இல்லையா ரங்கம்மா" என்பாள். அதனால் கேட்காமலே எழுதுகிறேன். மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் இருந்த ஒரு பம்பு கம்பெனியில் நான் கணக்குப் பிரிவு, அவள் கம்ப்யூட்டர் பிரிவு. மத்தியானச் சாப்பாடு இருவரும் சேர்ந்துதான். அவள் கொண்டுவரும் புளியோதரையை நானும், நான் கொண்டுவரும் சப்பாத்தியை அவளும் தின்றே ரொம்ப வருஷம் ஓடிவிட்டது.

அவளுடைய அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, இங்கேயே பிள்ளைகளைப் பெற்று, ரிடையர் ஆகி, யாதவகிரியில் சின்னதாக ஒரு வீடும் கட்டிக்கொண்ட குடும்பம். உமாதேவிக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். கோபம் அடிக்கடி வரும். புருஷன் அரசிக்கெரெ ஸ்டேஷனில் வேலை பார்த்தார், வாரக் கடைசியில்தான் மைசூருக்கு வருவார். "உன் வாய்க்குப் பயந்துதான் மனுஷன் டிரான்ஸ்ஃபர் கேக்காம இருக்கார்" என்று நான் சீண்டுவேன். அதற்கு மட்டும் அவளுக்குக் கோபம் வராது, சிரிப்பாள்.

டைப்பிஸ்டாகத்தான் அவள் கம்பெனியில் சேர்ந்தாள். எண்பதுகளில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, வேலை போய்விடும் என்று பாதிப் பேர் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. இவள் போய் உட்கார்ந்தாள். அதோடு வந்த தடித்தடிப் புத்தகங்களை மொபெட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். சில வருஷத்தில் எங்கள் சம்பளமும் ஸ்டோர்ஸ் இருப்பும் அவள் எழுதிய புரோகிராம்களில் ஓடத் தொடங்கின. ஆனால் பிரிவுக்கு மேனேஜர் என்று உதயகுமாரைத்தான் போட்டார்கள். நல்ல மனிதர். எதையும் இன்றைக்கே செய்ய வேண்டாம் என்று நினைப்பவர். எதைச் சொன்னாலும் கன்னடத்தில் "ஆமேலே நோடோணா" என்பார். பிறகு பார்க்கலாம் என்று பொருள். அந்தப் பிறகு எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது.

தொண்ணூற்றேழில் எங்கள் எம்.டி. புதுக் கார் வாங்கினார். அதன் டாஷ்போர்டில் வேகம், பெட்ரோல், சூடு எல்லாம் ஒரே பார்வையில் தெரிவதைப் பார்த்து மயங்கிப்போய், உமாதேவியைக் கூப்பிட்டு, தன் மேஜை மேலும் இப்படி ஒன்று வேண்டும் என்றார். இன்றைக்கு எத்தனை பம்பு தயார், எத்தனை போனது, ஸ்டோர்ஸில் எது தீர்ந்துவிட்டது, எல்லாம் திரையில் தெரிய வேண்டும். தசராவுக்கு டீலர்கள் வருவார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

உமாதேவி விஷுவல் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அதை எழுதினாள். கம்பெனியின் கணக்கு மொத்தமும் ஏ.சி. அறையில் ஒரு பெரிய இயந்திரத்தில், டேட்டாபேஸில் இருந்தது. டாஷ்போர்டு புரோகிராம் இருந்ததோ எம்.டி.யின் மேஜையிலும் உதயகுமார் மேஜையிலும் ஸ்டோர்ஸ் ஆபீஸிலும் விற்பனைப் பிரிவிலும் இருந்த சாதாரண கம்ப்யூட்டர்களில். அங்கிருந்து கம்பி வழியாகப் போய் எண்களைக் கேட்டு வாங்கிவரும். கேட்கப் போகும்போது ஒரு பேரும் பாஸ்வேர்டும் சொன்னால்தான் டேட்டாபேஸ் வாயைத் திறக்கும். உதயகுமாருடைய மேனேஜர் பேரை விட்டால், கம்பெனியில் அப்போது இருந்தது ஒரே ஒரு பேர். டேட்டா என்ட்ரி செய்கிற பெண்களும் அதில்தான் நுழைவார்கள், உமாதேவியும் அதில்தான் நுழைவாள். அந்தப் பேருக்குப் பார்க்கவும் முடியும், திருத்தவும் முடியும், அழிக்கவும் முடியும்.

டாஷ்போர்டுக்கென்று பார்க்க மட்டும் முடிகிற தனிப் பேர் ஒன்று உண்டாக்கித் தாருங்கள் என்று அவள் உதயகுமாரிடம் கேட்டாள். புதுப் பேர் உண்டாக்கும் அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது. அவருக்கோ தசரா நேரத்தில் எதையாவது தொட்டு எதாவது நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம்.

"இப்போ ஓடுது இல்லையாம்மா. இதே பேர்ல ஓட்டுங்க. தசரா ஆகட்டும், ஆமேலே நோடோணா" என்றார்.

அவள் திரும்பவும் கேட்டாள், அவர் திரும்பவும் அதையே சொன்னார். எம்.டி. அறையிலிருந்து போன் மேல் போன். கடைசியில் அந்தப் பொதுப் பேரையும் பாஸ்வேர்டையும் டாஷ்போர்டுக்குள்ளேயே எழுதிவிட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுச் சாவியக் கதவுலயே தொங்கவிட்டுட்டு வந்த மாதிரி இருக்கு ரங்கம்மா."

"பம்பு எத்தனைன்னு தெரிஞ்சுக்க எந்தத் திருடன் வரப்போறான்" என்றேன் நான். எனக்கு அவ்வளவுதான் விளங்கியது.

ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற கடையிலிருந்து மின்சார ஆபீஸ்வரை எல்லா இடத்திலும் பூஜைதான். எங்கள் கம்பெனியில் லேத்துகளைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, ஸ்டோர்ஸ் ஹாலில் சாமுண்டீஸ்வரி படத்தை வைத்துப் பூஜை செய்வார்கள். ஏற்பாடெல்லாம் ஸ்டோர்ஸ் ஆபீஸர் பாலசந்திரன்தான். நெற்றி நிறைய விபூதி, யாரையும் அதிர்ந்து பேசாத வாய். ஓர் ஆணி குறைந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்த வருஷம் ரிடையர் ஆக இருந்தார். அந்த வருஷம் டீலர்கள் பார்ப்பதற்காக அவருடைய கம்ப்யூட்டரையும் ஹாலுக்குக் கொண்டுவந்து, திரைக்கு மேலே செவ்வந்திச் சரம் போட்டு, ஓரத்தில் குங்குமம் இட்டு, டாஷ்போர்டைத் திறந்து வைத்திருந்தார். தீபாராதனை ஆனது, பூசணிக்காய் உடைத்தார்கள், பொரியும் பொட்டுக்கடலையும் வாங்கிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். டீலர்கள் திரையைப் பார்த்து அசந்துபோனார்களாம். எம்.டி. உமாதேவியைப் பாராட்டிப் பேசியதாக உதயகுமார் வந்து சொன்னார்.

லீவு முடிந்து வந்த வாரத்தில் ஹனூர்ப் பக்கத்திலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு குடிநீர்த் திட்டத்தில் எங்கள் பம்பு நின்றுவிட்டது, உள்ளே சுழலும் சக்கரம் உடைந்துவிட்டது, மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். விற்பனைப் பிரிவுக்காரர் டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு, ஒன்று இருக்கிறது, வண்டியை அனுப்புங்கள் என்றார். வண்டி வந்தது. அலமாரியில் சக்கரம் இல்லை. டிரைவர் சாயங்காலம்வரை வாசலில் காத்திருந்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். அந்த ஊர் ஜனங்கள் மேலும் சில நாள் தண்ணீருக்கு அலைந்தார்கள்.

எம்.டி. ஆடித் தீர்த்துவிட்டார். பாலசந்திரன் அன்றைக்கே அலமாரி அலமாரியாக எண்ணிப் பார்த்தார். ஒன்று இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்ன எத்தனையோ சாமான்கள் அலமாரியில் இல்லவே இல்லை. ஒன்று, ஸ்டோர்ஸில் திருட்டுப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் தப்பாகப் போட்டிருக்க வேண்டும். தன் ஸ்டோர்ஸில் திருட்டு என்ற பேச்சையே அவரால் தாங்க முடியவில்லை. "என் அலமாரி சரி, என்ட்ரிதான் தப்பு, விசாரிக்கணும்" என்று எம்.டி. முன்னால் உறுதியாகச் சொன்னார்.

தசரா வாரத்தில் மற்ற பெண்கள் லீவில் இருந்ததால் என்ட்ரி முழுவதும் போட்டவள் அஷ்வினி. இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சுப்பையா கொத்தனார், அம்மா பொன்னம்மா சித்தாள். ஹனூரிலிருந்து பிழைக்க வந்து மைசூர் ஹெப்பாளில் குடியிருந்தார்கள். பி.யூ.சி. முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, அந்தக் குடும்பத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். தற்காலிக வேலை. தீபாவளிக்குள் நிரந்தரம் ஆக வேண்டியிருந்தது, உமாதேவியே சிபாரிசு செய்திருந்தாள். விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று உதயகுமார் எல்லோர் முன்னாலும் அவளிடம் சொல்லிவிட்டார். தற்காலிக ஆளை வீட்டில் இரு என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் அழவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு உமாதேவியிடம் வந்தாள்.

"மேடம், நான் எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு காட்டுங்க. பாத்துட்டுப் போறேன்."

உமாதேவியால் காட்ட முடியவில்லை. எந்த எண்ணை யார் மாற்றியது என்று டேட்டாபேஸைக் கேட்டால் அது ஒரே பேரைத்தான் சொன்னது. அஷ்வினி மாற்றினாலும் அந்தப் பேர், வேறு யார் மாற்றினாலும் அதே பேர். அவள் செய்தாள் என்று நிரூபிக்கவும் வழியில்லை, செய்யவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்கு உதயகுமார் எதிரே வந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நல்ல வேளை, அவர் மீட்டிங்கில் இருந்தார்.

உமாதேவி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் இரண்டு நாள் அந்த எண்களிலேயே கிடந்தாள். மூன்றாவது நாள் என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ரங்கம்மா, என்ட்ரி ஸ்க்ரீன்ல சாமான் வந்ததுன்னு போட்டா ரெண்டு எடத்துல பதியும். இருப்பு ஏறும், வரவுச் சீட்டும் விழும். இதுல இருப்பு மட்டும் ஏறியிருக்கு, வரவுச் சீட்டு ஒண்ணுகூட இல்ல. அப்படின்னா அஷ்வினி உக்காந்திருந்த ஸ்க்ரீன் வழியா இது போகவே இல்ல."

"வேற எந்த வழி இருக்கு?"

"என் வழிதான் இருக்கு."

என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். தன் கம்ப்யூட்டரில் டாஷ்போர்டைத் திறந்தாள். தீர்ந்துபோன சாமான்கள் உடனே கண்ணில் பட வேண்டும் என்று, பூஜ்யம் இருப்புள்ளவற்றை மேலே, சிவப்பில் காட்டும்படி அவள் எழுதியிருந்தாள். ஒரு சிவப்புப் பூஜ்யத்தின் மேல் போய் நின்று ஐந்து என்று தட்டினாள். எண் மாறியது. சிவப்பு மறைந்து கறுப்பாகி, அந்த வரி கீழே இறங்கிப் போய்விட்டது. பக்கத்து மேஜையில் என்ட்ரி ஸ்க்ரீனைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் ஐந்து. திரும்பவும் பூஜ்யமாக மாற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பார்ப்பதற்கென்று செய்த கட்டத்தில் எழுத முடியாதபடி பூட்ட மறந்திருக்கிறாள். அவசரத்தில் நடந்தது.

"நான் மறந்தது தப்புதான்" என்றாள். "ஆனா மனுஷி எழுதற புரோகிராம்ல எதாவது மறக்கத்தான் செய்யும். அதுக்காகத்தான் தனிப் பேர் கேட்டேன். பாக்க மட்டும் உரிமை இருக்கற பேர்ல போயிருந்தா, இந்த ஸ்க்ரீன் எழுத விட்டாலும் டேட்டாபேஸ் முடியாதுன்னு சொல்லியிருக்கும். நாம என்ன பண்ணோம், மொத்த அதிகாரத்தையும் ஒரு ஸ்க்ரீன் கையில குடுத்து, அத மேஜை மேஜையா வச்சோம்."

மாறிய எண்களைத் தாளில் எடுத்துப் பார்த்தோம். ஒரு விஷயம் எனக்கே பளிச்சென்று தெரிந்தது. மாறியவை எல்லாம் முன்பு பூஜ்யமாக இருந்தவை. எல்லாம் ஒன்று என்ற எண்ணாகத்தான் மாறியிருந்தன. இரண்டு இல்லை, பத்து இல்லை. திருடுகிறவன் இருக்கிறதை இல்லை என்று மாற்றுவான், இல்லாததை ஒன்று இருக்கிறது என்று ஏன் எழுதப்போகிறான்? பூஜையன்று திரைக்கு மேலே தொங்கிய செவ்வந்திச் சரம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வேண்டாம் உமா, அவர் பாவம்" என்றேன்.

"அஷ்வினி பாவம் இல்லையா" என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

பாலசந்திரன் ஸ்டோர்ஸ் ஆபீஸில் தனியாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலிகளைத் துண்டால் தட்டிவிட்டார்.

"ரெண்டு பேருமா வந்திருக்கேளே. என்ன விசேஷம்?"

உமாதேவி சுற்றி வளைக்கவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அவள் அவ்வளவு மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"சார், ஆயுத பூஜை அன்னைக்கு இந்த டாஷ்போர்டுல நீங்க எதாவது மாத்தினீங்களா?"

"மாத்தலையே. நான் என்னத்த மாத்தப் போறேன்?" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு லேசாகச் சிரித்தார். "ஓ, அதைக் கேக்கறியா? அது ஒண்ணுமில்லம்மா. அம்பாள் படத்துக்கு எதிர்ல ஸ்க்ரீன் பூரா செவப்பு செவப்பா பூஜ்யம். வீட்டுல நல்ல நாள் அன்னைக்கு அரிசி டப்பா காலியா இருந்தா, ஒரு பிடியாவது போட்டு வைக்கறதில்லையா? எனக்கு மனசு கேக்கல. சும்மா, ஸ்க்ரீனுக்கு மட்டும், பூஜ்யம் இருந்த எடத்துல எல்லாம் ஒண்ணுன்னு போட்டேன். செவப்பும் போயிடுத்து. பார்க்க மங்களகரமா இருந்தது."

"இப்போ ஒண்ணு போடுங்க சார். ஏதாவது ஒரு பூஜ்யத்துல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு விரலால் தட்டினார். உமாதேவி தன் பிரிவுக்குப் போன் போட்டு, அந்தச் சாமானின் இருப்பை என்ட்ரி ஸ்க்ரீனில் பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். போனை அவர் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து "ஒண்ணு இருக்கு மேடம்" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

அவர் போனை வைக்கவே இல்லை. கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தெரிவது திரையோடு போய்விடும் என்று அவர் நினைத்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆயுசு முழுக்க ஓர் ஆணிக்கும் கணக்கு வைத்த மனிதர், பக்தியால் கையை வைத்து, ஓர் ஊருக்குத் தண்ணீர் இல்லாமல் செய்து, ஒரு பெண்ணின் வேலைக்கும் உலை வைத்திருக்கிறார். அதற்கு மேல் அந்தப் பெண்தான் தப்பு செய்தாள் என்று தன் வாயாலேயே சொல்லியும் இருக்கிறார்.

"நான்தானா" என்று கேட்டார். "ரிடையர் ஆற நேரத்துல இப்படியொரு பேர்" என்று ஆரம்பித்தவர், அதைப் பாதியில் விட்டுவிட்டார். "அந்தப் பொண்ணு வீடு எங்க?"

அன்று சாயங்காலமே மூவரும் ஆட்டோவில் ஹெப்பாளுக்குப் போனோம். தகரக் கூரை போட்ட வீடு. பொன்னம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள், முழங்கையில் சிமெண்டு காய்ந்திருந்தது. அஷ்வினி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள், வெளியே வரவில்லை. சுப்பையா மகளுக்கு வேறு வேலை பேசுவதற்காக ஒரு தையல் கம்பெனிக்குப் போயிருந்தார். ஆபீஸ் வேலையெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று வீட்டில் முடிவாகிவிட்டிருந்தது.

பாலசந்திரன் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். தப்பு தன்னுடையது, குழந்தைமேல் ஒன்றும் இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார். பொன்னம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியவங்க நீங்க, ஊடு தேடி வந்து சொன்னது பெரிய மனசுங்க சாமி" என்றாள். "ஆனா எம்புள்ளயத் தப்புன்னு இங்க ஆருங்க சொன்னா? இங்க ஒருத்தரும் சொல்லலைங்க. அங்கதானுங்க சொன்னாங்க, அத்தன பேரு பாக்க. சொல்றதுன்னா அங்க வந்து சொல்லுங்க சாமி."

அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். இங்கே சொல்வது வேறு, அங்கே தன்னிடம் வேலை கற்றவர்கள், தன் கீழே வேலை செய்பவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்வது வேறு. பிறகு, "நீ சொல்றது நியாயம்மா. நாளைக்குக் காலம்பற உன் பொண்ண அனுப்பு" என்றார்.

மறுநாள் காலையில் கேன்டீனில் எல்லோரையும் கூட்டச் சொன்னார். எம்.டி.யும் வந்திருந்தார். பாலசந்திரன் கன்னடத்தில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பூஜ்யத்தை ஒன்றாக்கியது தான்தான், தெரியாமல் செய்தது, ஆனால் தெரியாமலே இன்னொருத்தியைக் குற்றம் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு என்றார். யாரும் சிரிக்கவில்லை. பூஜையைச் சாக்காக வைத்துச் சிரிக்கக்கூடிய இரண்டு மூன்று பேர் எங்கள் கம்பெனியில் உண்டு, அவர்களும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

அவர் உட்கார்ந்ததும் உமாதேவி எழுந்தாள். "சார்மேல மட்டும் போடாதீங்க. மாத்த முடியாதபடி செய்ய வேண்டியது எங்க வேல. கட்டத்தப் பூட்ட நான் மறந்தேன். தனிப் பேர் இல்லாம ஓட்ட ஒத்துக்கிட்டதும் நான்தான்" என்றாள். உதயகுமார் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்காததாலேயோ என்னவோ அவரே எழுந்து, "ஆமேலே நோடோணான்னு சொன்னது நான்" என்றார். அந்த மனிதரைப் பற்றி நான் மனதில் வைத்திருந்த வசவுகளில் பாதியை அன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

எம்.டி. அஷ்வினியைக் கூப்பிட்டு, நிரந்தர ஆர்டர் இந்த வாரமே வரும், இன்றைக்கே வேலைக்கு உட்காரலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்து தன் நாற்காலியில் உட்காராமல் நின்றாள். நான் வேடிக்கை பார்க்கக் கூடவே போயிருந்தேன்.

"என்ன அஷ்வினி, உக்காரு" என்றாள் உமாதேவி.

"அந்தப் பேர்ல நான் உக்கார மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"எல்லாரும் அதே பேருதானே. நாளைக்கு வேற எதாவது ஆனா திருப்பியும் என்னைத்தான் கேப்பாங்க, திருப்பியும் உங்களால காட்ட முடியாது. எனக்குன்னு ஒரு பேர் குடுங்க. நான் பண்ணதுக்கு என் பேர் விழட்டும், பண்ணாததுக்கு விழ வேணாம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நான் நிஜமா தப்பு பண்ணா அது என் தப்புன்னே தெரியணும் மேடம். அது வேற யார் வீட்டுக்கும் போகக் கூடாது."

உதயகுமார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, தன் மேனேஜர் பேரில் நுழைந்து அவளுக்கென்று தனிப் பேர் உண்டாக்கினார். பிறகு மற்றப் பெண்களுக்கும் ஒவ்வொன்று. டாஷ்போர்டுக்குப் பார்க்க மட்டும் முடிகிற ஒரு பேர், அதுவும் அதற்கு வேண்டிய எண்களை மட்டும் பார்க்கிற மாதிரி. உமாதேவி மேஜை மேஜையாகப் போய், பழைய பாஸ்வேர்டு இருந்த புரோகிராம்களை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டாள். பொதுப் பேரின் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிட்டார்கள். அப்புறம் அஷ்வினி உட்கார்ந்தாள். பாலசந்திரன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சாமானாகச் சொல்லச் சொல்ல, இல்லாததையெல்லாம் பூஜ்யம் என்று பதிந்தாள்.

தீபாவளி கழிந்து, ஆர்டரும் வந்து, ஊரில் குளிர் தொடங்கியிருந்தபோது, ஒரு நாள் உமாதேவி சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தாள். ஒரு சீட்டில் இருபது என்பதற்குப் பதில் இருநூறு என்று யாரோ பதிந்துவிட்டார்களாம்.

"யாரு?"

"தேட வேண்டிய வேலையே வைக்கல" என்று டப்பாவைத் திறந்தாள். "நான் எழுந்திரிக்கறதுக்குள்ள அஷ்வினியே என் மேஜைக்கு வந்து நின்னா. 'அது நான்தான் மேடம், சரி பண்ணிட்டேன்'னு சொல்லிட்டுப் போயிட்டா. எவ்வளவு நிம்மதியாச் சொன்னா தெரியுமா ரங்கம்மா."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. புளியோதரையில் காரம் அதிகம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.